வாயில்லா அமானிதம்

நாய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "அது பட்டால் எத்தனை முறை கழுவ வேண்டும்?" என்பதாகும். மார்க்கச் சட்டத்தை அறிய விழையும் உள்ளத்திலிருந்து பிறக்கும் கேள்வியாதலால் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதனையடுத்துக் கேட்கப்பட வேண்டிய மற்றொரு கேள்வி நம்மிற் பலருடைய நாவில் வருவதேயில்லை. அந்த உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் யாது என்பதே அக்கேள்வி.

முன்னாளில் நம் மஹல்லாக்களில் இக்கேள்விக்கு அவசியம் மிகுதியாக இருந்ததில்லை. நாய் வளர்ப்போர் தோட்டம் துரவு உடையவர்களாகவோ ஆடு மாடு மேய்ப்பவர்களாகவோ இருந்தனர். இன்று நிலை மாறியிருக்கிறது. மாடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு பெட்டை நாயை வைத்து, அடுத்தடுத்துக் குட்டி ஈனச் செய்து, செல்பேசியில் படம் அனுப்பி விற்பது ஒரு குடிசைத் தொழிலைப் போலப் பரவி வருகிறது. கடை வேண்டாம், கணக்கர் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம் என்பதால், வேலை தேடும் இளைஞர்களும் வீட்டிலிருந்தவாறே வருவாய் காண விழையும் குடும்பத்தினரும் இதில் நாட்டம் கொள்கின்றனர். மதரஸா வகுப்பு முடிந்த பின்னர் தயங்கி நின்று, "ஹஜ்ரத், லாப்ரடார் ஒன்று வாங்கிக் குட்டி போட வைத்து விற்கலாமா?" என்று கேட்கும் இளைஞர்களை நான் கண்டதுண்டு. கூடும், கூடாது என்ற ஒற்றைச் சொல்லில் விடை கூறி முடித்துவிடத்தக்க கேள்வியன்று அது. வாசக நேயர்களே, அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வெறுப்புக்கு இடமில்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுதல் நலம். நாயின் எச்சில் நஜீஸ் என்பதால் நாயே வெறுக்கத்தக்க படைப்பு என்று சிலர் கருதுகின்றனர். தெரு நாயைக் கல்லெறிந்து துரத்தும் சிறுவனைத் தடுக்காது நிற்கும் பெரியவர்களும் உண்டு. கழுவும் சட்டம் நம்முடைய தூய்மைக்காக வந்தது. அடிக்கும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை.

திருக்குர்ஆனின் 'அல்கஹ்ஃப்' அத்தியாயம், இறைநம்பிக்கையைக் காத்துக்கொள்ளக் குகையில் தஞ்சம் புகுந்த இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுடைய நாயையும் மறவாமல் குறிப்பிடுகிறது. அது முன்னங்கால்களை நீட்டிக் குகை வாசலில் கிடந்த காட்சியை இறைமறை நமக்குக் காட்டுகிறது. 'அல்மாயிதா' அத்தியாயமோ வேட்டைக்குப் பழக்கப்பட்ட விலங்குகள் பிடித்துத் தரும் பிராணிகளை உண்ண அனுமதி அளிக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாயைக் கண்டு, கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் முகந்து வாயாற் கவ்விக்கொண்டு மேலேறி வந்து அதற்குப் புகட்டிய மனிதர் பாவமன்னிப்புப் பெற்றார் என்ற செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பூனையொன்றை உணவின்றிக் கட்டிப்போட்டுச் சாகவிட்ட பெண் அதன் பொருட்டுத் தண்டனைக்குள்ளானாள் என்பதும் அவ்விரு நூல்களிலும் காணக் கிடைக்கிறது. ஒரு மிடறு நீர் ஒருவரைக் கரையேற்றியது. ஒரு கயிறு மற்றொருவரை மூழ்கடித்தது. நாய்க்குட்டி வணிகத்தில் இறங்க எண்ணுபவர் இவ்விரு செய்திகளையும் ஒருசேர நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும்.

வளர்ப்பதற்குரிய எல்லை

கால்நடைக் காவல், வேட்டை, வேளாண்மை ஆகியவற்றுக்காகவன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியிலிருந்து நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். குறையும் அளவு சில அறிவிப்புகளில் ஒரு கீராத் என்றும், வேறு சிலவற்றில் இரண்டு கீராத் என்றும் வந்துள்ளது. வீட்டையும் வழியையும் காப்பதற்கும் இந்த அனுமதி பொருந்துமா என்று பிற்கால அறிஞர்கள் ஆராய்ந்தனர். காரணம் ஒன்றாயிருப்பதால் பொருந்தும் என்பதே மிகச் சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் நூலின் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். வேட்டைக்கோ காவலுக்கோ பழக்கும் நோக்கத்துடன் குட்டியை எடுத்து வளர்ப்பதும் ஆகும் என்பதை அதே இடத்தில் அவர்கள் குறிப்பிடுகின்றார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களுக்கும் இவ்வனுமதியை நம் காலத்து அறிஞர்கள் பலர் விரிக்கின்றனர்.

இவ்வனைத்திலும் ஓடும் பொதுவிதி தேவை என்பதே. தேவை இருக்குமிடத்தில் அனுமதி உண்டு. பக்கத்து வீட்டார் வைத்திருக்கிறார்கள், பார்வைக்கு அழகாயிருக்கிறது, பிள்ளை அடம்பிடிக்கிறது என்பனவற்றை அந்தத் தேவையின் பட்டியலில் சேர்க்க இயலாது. காவலுக்கென ஒரு நாய் வைத்திருப்பவருக்குங்கூட, அதைக்கொண்டு ஆறும் எட்டுமாகக் குட்டிகளைப் பெருக்கும் அனுமதி அதனுடனேயே சேர்ந்து வந்துவிடுவதில்லை. ஒரு நாயின் தேவை ஒரு நாயோடு நிறைவடைந்துவிடுகிறது.

தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோரும் மிகுந்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவியாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எச்சில் பட்ட பாத்திரத்தை மூன்று முறை கழுவுதல் போதும். மாலிகி மத்ஹபிலோ உயிருள்ள நாய் தூய்மையானதே. எந்த மத்ஹபைச் சேர்ந்தவராயினும், அடுக்களையும் தொழுமிடமும் பிள்ளைகள் படுக்குமிடமும் ஓரிரு அறைகளுக்குள் அடங்கிய வீட்டில் எட்டுக் குட்டிகள் தவழ்ந்தால் தொழுகைக்குரிய தூய்மையைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதை, அன்றாடம் வீட்டைப் பெருக்கிக் கழுவும் நம் தாய்மார்களிடம் கேட்டறியலாம். வருவாய் ஆண்களின் கையில் சேர, கழுவும் வேலை பெண்களின் தலையில் விழுமாயின் அது நியாயமுமன்று.

விலையும் கூலியும்

நாயின் விலை விலக்கப்பட்ட வருவாய்களுள் ஒன்று என அபூமஸ்ஊத் அல்அன்சாரீ (ரலி) அவர்கள் வாயிலாக வந்த நபிமொழி புகாரீ, முஸ்லிம் நூல்களில் உள்ளது. இதனை ஆதாரமாகக் கொண்டு, நாயை விற்பது செல்லாது என்று ஷாஃபிஈ, ஹம்பலி மத்ஹபுகளின் இமாம்கள் தீர்ப்பளித்துள்ளனர். மாலிகி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயன்படும் நாயை விற்கலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஆகவே நம் ஊர்களில் ஒரே தெருவில் வாழும் இருவருக்கு இருவேறு சட்டம் அமையக்கூடும். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இவ்வணிகத்தின் வாயில் விற்பனை என்ற இடத்திலேயே அடைபட்டுவிடுகிறது. ஹனஃபி மத்ஹபினருக்கோ "பயன்" என்ற சொல்லின் முன் நின்று சிந்திக்க வேண்டிய கடமை எஞ்சியிருக்கிறது. தோட்டக் காவலுக்குப் பழக்கிய நாயை ஒரு விவசாயிக்கு விற்பதும், அடுக்குமாடி வீட்டில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென ஒரு குட்டியை விற்பதும் ஒரே தரத்தன அல்ல.

இத்தொழிலில் அதிகம் பேசப்படாத வேறொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. ஆண் நாயை வைத்திருப்பவரிடம் பெட்டையைக் கொண்டு சென்று இணைசேர்ப்பதற்குக் கூலி பேசுகின்றனர். 'கிராசிங்' என்று தொழிலில் வழங்கும் இதற்குப் பணம் தருவதுமுண்டு. பிறக்கும் குட்டிகளுள் ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொள்வதுமுண்டு. ஆண் பிராணியை இணைசேர்ப்பதற்குக் கூலி வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயில் உள்ளது. குதிரை, ஒட்டகம் போன்று எவ்விதக் கருத்து வேறுபாடுமின்றி வளர்க்கத்தக்க பிராணிகளுக்கே இவ்விலக்கு என்றால், நாய்க்கு எப்படி விதிவிலக்குக் கிட்டும்?

சட்டத்தை இவ்வளவில் நிறுத்திக்கொள்வோம். அவரவர் ஊர் ஆலிம்களிடம் தத்தம் மத்ஹபின் விளக்கத்தைக் கேட்டுத் தெளிவு பெறலாம். விற்பனை ஆகுமென்று கொள்பவரும் மறுமையில் விடை சொல்ல வேண்டிய விஷயங்கள் இனிமேல்தான் வருகின்றன.

தாயின் உடல்

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்கள். ஈன்ற பின்னர் ஏழெட்டு வாரங்கள் அது பாலூட்டிக் குட்டிகளைப் பேண வேண்டும். இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பருவத்திலும் இணைசேர்த்தால், அந்தத் தாய் சினையாக இருக்கும் காலமும் பாலூட்டும் காலமும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இழந்த சதையையும் எலும்பின் சுண்ணாம்புச் சத்தையும் மீட்டுக்கொள்ள அதற்கு அவகாசம் ஏது? பாலூட்டும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்துத் திடீரென இறங்கி, உடல் நடுங்கி வலிப்புக் கண்டு, உடனே மருத்துவம் கிட்டாவிடில் உயிரே போய்விடும் நோய் ஒன்றுண்டு. உருவிற் சிறிய இனங்களிலும், குட்டிகள் மிகுதியாக ஈன்ற தாய்களிடத்தும் அது அதிகம்.

நம் நாட்டரசு 2017ஆம் ஆண்டில் நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்குமென விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தனி விதிகளை வகுத்தது. விற்பனைக்காக இனவிருத்தி செய்பவர், அது வீட்டளவிலான தொழிலாக இருந்தாலும், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணைசேர்க்கலாகாது. எட்டு வயதைக் கடந்ததை ஈன வைக்கலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாள் முழுவதிலும் ஐந்து ஈற்றுகளைத் தாண்டக் கூடாது. நம் வீதிகளில் நடைபெறும் வணிகத்தில் இவற்றுள் எத்தனை பேணப்படுகின்றன என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் நுழைந்த நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் ஓர் ஒட்டகம் முனகிக் கண்ணீர் வடித்த நிகழ்ச்சி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. அதன் உடைமையாளரை அழைத்து, பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கூறி, அல்லாஹ்வை அஞ்சும்படி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். சுமை சுமப்பது ஒட்டகத்தின் முதுகுக்குரிய வேலை. அதன் அளவை மீறியதற்கே இத்துணைக் கண்டனம் என்றால், ஓய்வின்றிக் கருச் சுமக்க வைக்கப்படும் வயிற்றின் முறையீடு என்னவாயிருக்கும்?

ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் கால்நடைகளுக்கு மனிதன் செலுத்த வேண்டிய உரிமைகளை வரிசைப்படுத்தியுள்ளார்கள். அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடவேண்டும். முதுமையாலோ பிணியாலோ பயனற்றுப் போய்விட்ட பிராணிக்கும் உணவளித்துப் பேண வேண்டும் என்பதே அது. ஐந்து ஈற்று ஈன்று தளர்ந்த தாய் நாயை மூட்டையைப் போல ஏற்றிச் சென்று ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருபவர், எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே ஓர் இமாம் தம் செயலைப் பற்றி எழுதிவைத்திருப்பதை அறிந்தால் நாணுவார்.

பால்மறவாக் குட்டிகள்

பிறந்த குட்டிக்குக் கண் திறக்கவே பத்து முதல் பதினான்கு நாள்களாகும். மூன்றாம் வாரத்திற்குப் பின்னரே அது உலகைக் கண்டு பழகத் தொடங்குகிறது. உடன்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்கிறது. கடித்தால் உடன்பிறப்பு கத்தும்; தாய் உறுமும். தாயும் உடன்பிறப்புகளும் நடத்தும் இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நான்காம் வாரத்திலேயே பிரித்தெடுக்கப்பட்ட குட்டி, பின்னாளில் அஞ்சி நடுங்குவதாகவோ கடிப்பதாகவோ வளர இடமுண்டு. கடிபடுவது பெரும்பாலும் வாங்கிய வீட்டின் குழந்தையே.

நோயின் அச்சம் வேறு. தாய்ப்பாலின் வழியே கிடைத்த காப்பு ஆறாம் வாரத்திலிருந்து படிப்படியாகத் தேய்கிறது. அந்த இடைவெளியில் பார்வோ என்னும் நச்சுக்கிருமி தாக்கினால் குட்டி இரத்தமாகப் பேதியாகி ஓரிரு நாளில் மடிவதுண்டு. ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கிப் பதினாறு வாரங்கள் வரை தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போடுவது இதன் பொருட்டே. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில் போடப்படுகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என மேற்சொன்ன விதிகள் கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். விற்பவர் அவசரப்படுவதன் காரணமும் விளங்கும். பால்மறந்த குட்டி தீவனம் தின்னும், ஊசிக்கும் செலவாகும். சிறுத்த குட்டியைக் காண்போர் எளிதில் மயங்குவர்.

குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைத் துயரப்படுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள். தாயையும் பிள்ளையையும் பிரிப்பவரை மறுமையில் அவருடைய அன்புக்குரியவர்களிடமிருந்து அல்லாஹ் பிரித்துவிடுவான் என்ற எச்சரிக்கை, போரில் சிறைப்பட்டோர் விஷயத்தில் அபூஅய்யூப் அல்அன்சாரீ (ரலி) அவர்கள் அறிவித்து, திர்மிதீ நூலில் இடம்பெற்றுள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் அதன் கருத்தை விலங்குகளுக்கும் விரித்து, பால்குடி மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்கலாகாது என்றனர். கால்நடை மருத்துவம் இன்று கூறும் எட்டு வாரக் கணக்கும் நம் ஃபிக்ஹு நூல்களின் பால்குடிக் கணக்கும் எத்துணை அணுக்கமாக நிற்கின்றன பாருங்கள்!

இங்கிலாந்தில் இதற்கென ஒரு வழி கண்டனர். இனவிருத்திக் கொட்டில் ஒன்றில் ஈன்று ஈன்று நலிந்து, 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற சிறு நாயின் பெயரால் வழங்கும் சட்டம், 2020 ஏப்ரலில் அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்திற்குட்பட்ட குட்டிகளைக் கடைக்காரரோ தரகரோ விற்க இயலாது. பிறந்த இடத்திலேயே, தாயுடன் இருக்கும் நிலையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தாயை மறைத்து வைத்துக் குட்டியை மட்டும் காட்டும் வணிகத்தின் வேரில் வைத்த கோடரி அது.

அழகுக்கு விலையாகும் மூச்சு

2003ஆம் ஆண்டில் ஹட்ச் செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய நாயை நினைவிருக்கிறதா? அந்தத் தட்டை மூக்குப் பக் இனத்திற்கு அதன் பின்னர் நாடெங்கும் கிராக்கி பெருகிற்று. தேவை பெருகினால் வீட்டுக்கு வீடு உற்பத்தியும் பெருகுமன்றோ?

நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. முகம் உள்ளே அமுங்கிய இனங்களில் மூக்குத்துளைகள் குறுகி, அண்ணத்தின் சதை மூச்சுக்குழலை அடைத்து நிற்கும். காண்போர் வேடிக்கையென எண்ணும் குறட்டையொலி மூச்சுக்கான போராட்டமே. சித்திரை வெயில் கொளுத்தும் நம் ஊர்களில் இத்தகைய உடலுடன் ஒரு பிராணியைப் பிறப்பிப்பது அறமாகுமா? தலை பெரிதாகவும் இடுப்பெலும்பு குறுகலாகவும் திரிந்துவிட்ட புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈற்றுகள் வயிற்றைக் கீறியே நடைபெறுகின்றன என்று பிரிட்டனில் 2010இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தானாக ஈனக்கூட இயலாதவாறு ஓர் உயிரின் உடலை மனிதனின் ரசனை வளைத்துவிட்டது.

நார்வே நாட்டில் இது நீதிமன்றம் வரை சென்றது. ஆங்கிலேய புல்டாக், கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் ஆகிய இரண்டையும் இனவிருத்தி செய்வது விலங்கு நலச் சட்டத்திற்கு முரண் என 2022இல் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புல்டாக் மீதான தடை நீங்கியது. கவலியர் மீதான தடையை 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவ்வினத்தில் இதய நோயும், மூளைக்கு இடம் போதாத மண்டையோட்டினால் வரும் தீராவலியும் பரம்பரையாகத் தொடர்வதே காரணம்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வருவதுண்டு. பெற்றோரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பின்னரே இணைசேர்ப்பது பொறுப்புள்ளோர் வழக்கம். வீட்டு வணிகத்தில் இச்செலவை எவரும் ஏற்பதில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவற்றையே இணைசேர்ப்பாரும் உளர். டாபர்மேன் குட்டியின் வாலையும் காதையும் தோற்றத்திற்காக வெட்டுவது மற்றொரு கொடுமை. பிராணிகளை அங்கஹீனப்படுத்துவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை அறிந்த முஸ்லிம் இதற்கு உடன்படலாகாது.

விலைபோகாத குட்டி

எட்டில் ஆறு விலைபோகும். எஞ்சிய இரண்டின் கதி என்ன? இளைத்தது, கால் கோணியது, பெட்டையாகப் பிறந்தது என்று ஒதுக்கப்பட்டவை தெருவிற்கு வருகின்றன. விலை கொடுத்து வாங்கியவரும் அது வளர்ந்து பெருந்தீனி தின்னத் தொடங்கியதும் வெளியூரில் கொண்டுபோய் விட்டுவிடுவதுண்டு. தெரு நாய்ச் சிக்கல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் 2025ஆம் ஆண்டில் வழக்காடப்பட்டதை நாம் அறிவோம். உலகில் மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் ஏறத்தாழ முழுவதும் நாய்களாலேயே பரவுகிறது. மதரஸாவிற்கு நடந்து வரும் சிறு பிள்ளைகளின் பெற்றோர் தெரு நாய்களைப் பற்றி முறையிடுகின்றனர். அத்தெருவிற்கு மேலும் நாய்களைச் சேர்க்கும் தொழிலில் நம் வீடும் பங்கு கொள்ளலாமா?

நம் மண்ணின் வழக்கம்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எனத் தென்தமிழகத்திற்கே உரிய நாயினங்கள் உண்டு. காவலுக்கும் வேட்டைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் வளர்ந்தவை அவை. இவ்வெயிலுக்கும் இம்மண்ணுக்கும் இணங்கியவை. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. கன்னி நாயைத் திருமணப் பெண்ணுக்குச் சீராக அளிப்பர் என்றொரு வழக்குச் சொல்லப்படுகிறது. அரபு நாட்டுப் பாலைவாசிகளும் தங்கள் சலூகி வேட்டை நாயை விற்பதை இழிவாகக் கருதி, மதிப்புக்குரியோர்க்கு அன்பளிப்பாகவே வழங்கி வந்தனர். தேவையுள்ளவரிடமிருந்து தேவையுள்ளவருக்குக் குட்டி கைமாறிய அவ்வழக்கத்தில் எண்ணிக்கைக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. சந்தைப் பண்டமானபோது நம் நாட்டினங்களுக்கும் கேடு வந்தது. தூய வெண்ணிறத்தை வேண்டி நெருங்கிய உறவிலேயே இணைசேர்த்ததால் இராஜபாளையம் நாய்களிற் பல செவிடாகப் பிறக்கின்றன.

செய்யத்தக்கவை

காவலுக்கு நாய் தேவைப்படும் குடும்பம், விலை கொடுத்து வாங்குமுன் இலவசமாகக் கிடைப்பதை நாடலாம். 1959இல் தொடங்கப்பட்ட சென்னைப் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் எடுத்து வளர்ப்பாரை எதிர்நோக்கி நாய்கள் காத்திருக்கின்றன. வீட்டிற்கு வெளியே நிழலும் நீரும் கொண்ட ஓரிடத்தை அதற்கென ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

பெட்டை நாய் இருப்பின், பருவம் வந்த மூன்று வாரங்கள் வரை ஆண் நாய் அணுகாதவாறு தனித்து வைத்தல் எளிய வழி. கருத்தடை அறுவையைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், பயன் கருதிச் செய்வது ஆகும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலை. ஆலிம்களிடமும் கால்நடை மருத்துவரிடமும் கலந்து முடிவு செய்யலாம்.

எதிர்பாராமல் ஈன்றுவிட்டதா? தாய்க்கு நிறைய உணவளியுங்கள். இரு மாதம் நிறையும்வரை குட்டிகளைப் பிரிக்காதீர்கள். பின்னர் தோட்டமோ பட்டியோ உடையவர்களுக்கு இலவசமாகக் கொடுங்கள். வாங்குவோர் கைவிட்டால் திரும்ப நம்மிடமே கொண்டுவரும்படி சொல்லிக் கொடுங்கள். இவ்வளவும் செய்ய மனமும் வசதியும் இல்லாதவர் ஈன வைக்காதிருப்பதே நலம்.

வருவாய்க்கு வழி தேடும் இளைஞர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். உங்கள் உழைப்பும் ஆர்வமும் பாராட்டுக்குரியன. பிராணிகளிடம் பற்று உண்டெனில் ஆடு வளர்ப்பும் கோழி வளர்ப்பும் எவ்விதக் கருத்து வேறுபாடும் இல்லாத ஹலாலான தொழில்கள். அங்கும் தீவனம், நிழல், மருத்துவம் என்ற கடன்கள் உண்டு என்பதை மறவாதீர்கள். ஊராரும் இவர்களைக் கடிந்து பேசுவதோடு நின்றுவிடாமல், நான்கு ஆடுகள் வாங்கித் தர பைத்துல்மாலிலிருந்து உதவ முன்வரலாம்.

ஒரு குட்டி பிறப்பதும் பிறவாதிருப்பதும் நம் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்ட நிலையில், பிறப்பித்த உயிரின் பசி, பிணி, முதுமை அனைத்தும் நம் கணக்கில் எழுதப்படும். விற்றுவிட்டதால் அக்கணக்கு முடிந்துவிடுவதில்லை. வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் தன்னை அஞ்சி நடக்கும் நற்பேற்றையும், ஐயத்திற்கிடமில்லாத வருவாயையும் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.